முதனூலும் வழிநூலும்: அல்கொட் அம்மையாரின் நாவலும் அதன்வழித் தோன்றிய இளையோர் நூல்களும்

நூலிலிருந்து நூல் பிறத்தல் எம்மொழிக்கும் பொதுவான இயல்பாகும். இவ்வியல்பை நன்குணர்ந்த நம் இலக்கண ஆசிரியர், நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினர். முன்னோர் நூலின் முடிவைத் தழுவிச் சென்று, பின்னோன் தான் விரும்பும் வேறுபாட்டையும் சேர்த்துரைப்பது வழிநூல். இவ்விரண்டனோடும் ஒருபுடை ஒத்து, ஏனையவற்றால் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இப்பாகுபாடு இலக்கண நூல்களைக் கருதிச் செய்யப்பட்டதே எனினும், இக்காலப் புனைகதைகளை ஆராய்வார்க்கும் பெரிதும் துணை செய்வதாகும். அமெரிக்க நாட்டிலே 19 ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நாவலையும், 21 ஆம் நூற்றாண்டில் அதனை அடியொற்றி எழுந்த இளையோர் நூல்கள் சிலவற்றையும் இப்பாகுபாட்டின் ஒளியிலே நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும். அந்நாவல் லூயிசா மே அல்கொட் அம்மையார் இயற்றிய 'லிற்றில் விமென்' என்பது. 'சிறு மங்கையர்' என நாம் அதனைத் தமிழிற் சுட்டுவோம்.

அல்கொட் அம்மையார் 1832 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து ஜேர்மன்ரவுணிற் பிறந்தார். தந்தையார் புரொன்சன் அல்கொட் ஒரு தத்துவவாதி; கல்விச் சீர்திருத்தத்திலே பேரார்வங் கொண்டவர்; ஆனால், குடும்பத்தைப் பேணும் வருவாய் தேடும் ஆற்றல் இல்லாதவர். பொஸ்ரன் நகரில் அவர் நடத்திய பாடசாலை நிலைக்கவில்லை. 1843 இல் நண்பர் சிலரோடு கூடிப் 'புரூற்லண்ட்ஸ்' என்ற பெயரில் ஓர் இலட்சியக் குடியிருப்பைத் தொடங்கினார். ஊன் உண்ணாமையும் விலங்குகளின் உழைப்பைக் கொள்ளாமையும் அங்கே நோன்புகளாக இருந்தன. அடுத்த பனிக்காலம் முடிவதற்குள்ளேயே அம்முயற்சி குலைந்தது. குடும்பப் பாரத்தைத் தாயார் அபிகேலும், வளர வளர மகளிரும் தாங்கினர். அன்னா, லூயிசா, எலிசபெத், மே என்னும் நால்வரே அம்மகளிர். லூயிசா தையல் வேலை செய்தார், பிள்ளைகளுக்குக் கற்பித்தார், பிறர் வீட்டிற் பணி புரிந்தார், இவற்றிடையே எழுதியும் பொருளீட்டினார். உள்நாட்டுப் போர் மூண்ட பின்னர், 1862 ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரைச் சார்ந்த ஜோர்ஜ்ரவுணிலுள்ள போர் மருத்துவமனை ஒன்றிலே தாதியாகச் சேர்ந்தார். சில வாரங்களுக்குள் நச்சுக்காய்ச்சல் பீடிக்க வீடு திரும்பினார். அந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட இரசங் கலந்த மருந்து தம் உடலை நிலையாகக் கெடுத்துவிட்டதென்றே அவர் பின்னாளில் நம்பினார்.

'சிறு மங்கையர்' நூல் தோன்றிய வரலாறு நம் கவனத்துக்குரியது. பெண்பிள்ளைகளுக்குரிய கதையொன்றை எழுதித் தருமாறு 1868 இல் அவரை வேண்டியவர் பொஸ்ரன் நகர் ரொபேட்ஸ் சகோதரர் பதிப்பகத்தைச் சேர்ந்த தோமஸ் நைல்ஸ் என்பார். அம்மையார்க்கு அவ்வேண்டுகோள் உவப்பளிக்கவில்லை. தாம் பெண்பிள்ளைகளை அவ்வளவாக விரும்பியதில்லை என்றும், தம் சகோதரிகளையன்றி வேறு பலரை அறிந்ததுமில்லை என்றும் கருதினார். ஆயினும் குடும்பத்தின் தேவை உந்த எழுதத் தொடங்கினார். வேறு பெண்களை அறியாதபடியால் தம் வீட்டையே கதையாக்கினார். அன்னா மெக் ஆனாள். லூயிசா ஜோ ஆனார். எலிசபெத் பெத் ஆனாள். மே ஏமி ஆனாள். கொன்கோட் ஊரிலுள்ள ஓச்சட் இல்லத்தில் இருந்து சில மாதங்களில் அவர் எழுதி முடித்த முதற் பாகம் 1868 செப்டெம்பர் இறுதியில் வெளிவந்தது. அச்சிட்ட ஈராயிரம் படிகளும் விரைவிலே தீர்ந்தன. இரண்டாம் பாகம் 1869 ஏப்பிரலில் வெளிவந்தது. பதிப்புரிமையை ஒரு தொகைக்கு முற்றாக விற்றுவிடாமற் கைவசம் வைத்திருக்குமாறு நைல்ஸ் கூறிய அறிவுரையை ஏற்றமையால், அம்மையார் குடும்பக் கடன்கள் யாவற்றையும் தீர்த்தார். மனமின்றித் தொடங்கிய நூலே அவர்க்கு வாழ்வளித்தது.

முதற் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடைப்பட்ட காலத்திலே நிகழ்ந்ததொன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நூலைப் படித்த இளம் பெண்கள் ஆசிரியைக்குக் கடிதங்கள் வரைந்தனர். அவர்கள் கேட்டது ஒன்றே: அயல் வீட்டுச் செல்வக் குமாரன் லோரியை ஜோ மணப்பாளா? பெண் வாழ்வின் நோக்கம் மணமொன்றே என்பதுபோல் இவர்கள் கேட்கின்றனரே என அம்மையார் சலிப்புற்றார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் உட்கருத்து. அம்மையார் தாமும் இறுதிவரை மணஞ்செய்திலர். எனினும் பதிப்பாளரும் வாசகரும் ஒருமுகமாய் நெருக்க, அவர் ஒரு வழி கண்டார். லோரியை ஏமிக்கு மணமுடித்தார்; ஜோவுக்கோ வயதில் மூத்த, வறிய, ஜேர்மானியப் பேராசிரியர் பேயர் என்பாரைக் கணவராக்கினார். வாசகர் வேண்டிய திருமணத்தைக் கொடுத்தவாறே, அவர்கள் வேண்டிய மணமகனைக் கொடாது விடுத்தார். அரைச் சம்மதத்தோடு எழுதப்பட்ட இம்முடிவு 150 ஆண்டுகளுக்கு மேலாக வாசகர் மனத்தை உறுத்தி வருகின்றது. பின்வந்தோர் அந்நூலை மீண்டும் மீண்டும் எழுத முற்படுவதற்கு இவ்வுறுத்தலே தலையாய காரணம் என்பது எமது கருத்து. முழு நிறைவு தரும் நூலை வாசகர் போற்றிப் பேணுவர். விடை கூறாத நூலோடு தலைமுறைதோறும் வழக்காடுவர்.

முதனூல் என நாம் கூறும் இந்நூலும் ஒருவகையில் வழிநூலே என்பதை மறத்தலாகாது. ஆங்கிலேயராகிய ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்டதும், தமிழிலே 'மோட்சப் பிரயாணம்' எனப் பெயர் பெற்று வழங்குவதுமாகிய உருவகக் கதையே அதன் முதற் பாகத்துக்கு அடிப்படை. அந்நால்வரும் ஆளுக்கொரு குறையைச் சுமையாகத் தாங்கி வழிநடக்கும் பயணிகளாகத் தம்மைக் கருதுகின்றனர். அத்தியாயத் தலைப்புக்கள் பல பனியன் நூலிலிருந்தே வந்தன. ஆனால், பனியன் பாடிய பயணி மனைவி மக்களை விட்டு விண்ணக நகர் நோக்கி ஓடுகின்றான். அல்கொட் காட்டும் பயணிகளோ வீட்டுக்குள்ளேயே நடக்கின்றனர். மெக்கின் செல்வ ஆசை, ஜோவின் சினம், பெத்தின் நாணம், ஏமியின் தற்பெருமை ஆகியன அவர்கள் கடக்கும் சேறும் மேடுமாகின்றன. ஆணின் புறப்பயணத்தைப் பெண்களின் அகப்பயணமாக மாற்றியதே அம்மையார் வேண்டிய வேறுபாடு. ஆகவே, அவர் நூலைப் பிறர் எடுத்து மாற்றி எழுதுதல் முறையோ என வினவுவார்க்கு, அவரே அவ்வாறு செய்தவர் என்பது தக்க விடையாகும்.

இனி, இளையோர் நூல் என்பது யாதெனக் கூறுதும். குழந்தைப் பருவம் கடந்து முதிர்ச்சி எய்தாத, ஏறத்தாழப் 12 முதல் 18 வரை வயதினர்க்கென எழுதப்படும் புனைகதைகளை அமெரிக்கப் பதிப்பாளரும் நூலகத்தாரும் தனிப் பிரிவாகக் கொள்வர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அப்பிரிவு நன்கு வேரூன்றியது. ஆயினும் அதற்குரிய இலக்கணங்கள் பலவற்றை 1868 இலேயே 'சிறு மங்கையர்' பெற்றிருந்தது. அறநெறி போதிப்பதற்கென்றே சமைத்த நல்ல பிள்ளைகளை அம்மையார் காட்டவில்லை. கோபத்தால் தங்கையைச் சாவின் விளிம்புக்கு விடும் ஜோவையும், பழிவாங்கும் எண்ணத்தால் அக்காளின் கையெழுத்துப் பிரதியை எரிக்கும் ஏமியையும் அவர் காட்டினார். 'நான் யாராவேன்?' என்ற வினாவே இவ்வகை இலக்கியத்தின் உயிர்நாடி. பிரெஞ்சு நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் த போவுவார் அம்மையார் 1958 இல் வெளியிட்ட தம் வரலாற்றில், சிறுமியாக இருக்கையில் ஜோவிடம் தம்மையே கண்டதாகக் கூறுவர். மொழியும் சமயமும் வேறான சிறுமி ஒருத்தி தன்னை அடையாளங் காணும் இடமாக ஒரு பாத்திரம் அமைந்துவிட்டமையே அதன் வெற்றி.

அல்கொட் வழிவந்த இளையோர் நூல்களை மூன்று வகையுள் அடக்கலாம். முதனூலைக் கதைக்குள்ளே ஒரு நூலாக வைத்துப் பேசுவன முதல்வகை. ஹெதர் வோகல் பிரெடெரிக் 2007 இல் வெளியிட்ட 'அன்னையர் புதல்வியர் நூற்கழகம்' எனப் பொருள்படும் தலைப்புடைய கதையிலே, கொன்கோட் ஊரில் இன்று வாழும் சிறுமியர் நால்வர் தத்தம் தாய்மாரோடு கூடி ஓராண்டு முழுவதும் 'சிறு மங்கையர்' நூலைப் படிக்கின்றனர். லோறன் பராற்ஸ் லொக்ஸ்ரெட் 2011 இல் வெளியிட்ட 'சிறு மங்கையரும் நானும்' என்ற கதை இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. விருப்பமான நூலொன்றில் ஒன்றை மட்டும் மாற்றலாமெனின் எதை மாற்றுவாய் எனப் பாடசாலையிற் கேட்கப்பட்ட எமிலி என்னும் மாணவி, அந்நூலுக்குள்ளேயே வீழ்ந்து மார்ச் குடும்பத்தில் ஐந்தாம் சகோதரியாகி விடுகின்றாள். பெத்தைச் சாவிலிருந்து காப்பதா, லோரியை ஜோவுக்குச் சேர்ப்பதா என்பதே அவள் தடுமாற்றம். வாசகர் தலைமுறைகளின் இருபெருங் குறைகளையும் நூலாசிரியை ஒரு சிறுமியின் வாய்வழி எழுப்புகின்றார்.

கதையின் அமைப்பைக் கொண்டு, இடத்தையும் காலத்தையும் மாற்றுவன இரண்டாம் வகை. இவையே செம்மையான வழிநூல்கள். றே தெர்சியேரோ எழுத, பிரி இன்டிகோ சித்திரந் தீட்ட, 2019 இல் நூலாக வந்த 'மெக், ஜோ, பெத், ஏமி' என்னும் சித்திரக்கதை இக்கால நியூ யோர்க் நகரிலே நிகழ்கின்றது. தந்தை கறுப்பினத்தவர், தாய் வெள்ளையினத்தவர். மறுமணத்தால் இணைந்த குடும்பம் அது. அதே ஆண்டில் ஹெனா கான் வெளியிட்ட 'மோர் ரு த ஸ்ரோறி' ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டா நகரில் வாழும் பாக்கித்தானிய அமெரிக்க முஸ்லிம் குடும்பமொன்றைக் காட்டுகின்றது. மரியம், ஜமீலா, பிஸ்மா, அலீசா என்போர் அந்நால்வர். ஜோவின் இடத்தில் நிற்கும் ஜமீலா பாடசாலைப் பத்திரிகையில் எழுதுபவள், செய்தியாளராக விழைபவள். தந்தை போருக்குச் செல்லவில்லை. வேலையின் பொருட்டு வெளிநாடு செல்கின்றார். பிரிவின் காரணம் மாறிய போதிலும் பிரிவு மாறவில்லை. 2022 இல் நான்கு ஆசிரியர் கூடி எழுதிய 'கிரேற் ஓ நதிங்' 1942 ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரினிடையே அக்குடும்பத்தை வைக்கின்றது. சகோதரியர் ஒவ்வொருவரையும் ஓராசிரியர் எழுதினர். ஜோ விமானத் தொழிற்சாலையில் உழைக்கின்றாள். ஏமி உண்மைப் பெயரை மறைத்து இலண்டன் சென்று செஞ்சிலுவைப் பணி புரிகின்றாள். பெத் கதை தொடங்கு முன்னரே இறந்துவிட்டாள்.

குணத்தை மட்டுங் கொண்டு கதையை விடுவன மூன்றாம் வகை. இவற்றைச் சார்புநூல் எனலாம். ஜீன் பேட்சோல் எழுதி, 2005 ஆம் ஆண்டின் அமெரிக்க தேசிய நூற்பரிசை இளையோர் இலக்கியப் பிரிவிற் பெற்ற 'த பென்டர்விக்ஸ்' இதற்குச் சான்று. ரோசலின்ட், ஸ்கை, ஜேன், பற்றி என நால்வர் சகோதரியர். மசசூசெற்ஸ் மாநிலத்து மலைநாட்டில் ஒரு கோடை விடுமுறை. அயலிலே பெருமனையில் தனித்து வாழும் ஜெப்றி என்ற சிறுவன். அவன் இசையை விரும்ப, அன்னையோ இராணுவப் பாடசாலைக்கு அனுப்ப எண்ணுகின்றாள். இசையை விரும்பியும் பாட்டனாரின் எண்ணத்துக்கு அடங்கி வாழ்ந்த லோரியின் சாயல் இவனிடம் உண்டு. கதை எழுதும் ஜேனிடம் ஜோவின் சாயல் உண்டு. ஆனால், தாய் இறந்துவிட்டாள். மூத்தவளே சிறியோரைப் பேணுகின்றாள். அல்கொட் நூலைப் படியாத பிள்ளையும் இதனை முழுமையாகச் சுவைக்கலாம். படித்த பிள்ளைக்கோ பழகிய குரலொன்று அடுத்த அறையிலிருந்து கேட்பது போன்ற உணர்வு தோன்றும்.

இவ்வழிநூல்களைத் தரம் பிரித்தற்கு ஓர் அளவுகோல் வேண்டும். வேடமும் ஊரும் மாறினால் மட்டும் போதாது. செய்யப்பட்ட மாற்றம் முதனூலை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றதா என்பதே அவ்வளவுகோல். ஜோவின் திருமணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். மார்கரெற் ஸ்ரோல், மெலிசா டி லா குரூஸ் என்னும் இருவர் 2020 இல் வெளியிட்ட 'ஜோ அன்ட் லோரி' என்ற கதையில், ஜோவே 'சிறு மங்கையர்' நூலை எழுதிய ஆசிரியை. பதிப்பாளர் இரண்டாம் பாகம் கேட்டு நெருக்குகின்றார். அல்கொட் அம்மையாரின் சொந்த இடர்ப்பாட்டையே கதாபாத்திரத்தின்மேல் ஏற்றிய இத்தொடக்கம் நுட்பமானது. ஆயின், அக்கதையின் நாட்டம் 1869 ஆம் ஆண்டின் வாசகியர் வேண்டிய காதலிலேயே செல்கின்றது. அம்மையார் மறுத்ததைக் கொடுப்பதால் வாசகர்க்கு இன்பம் உண்டு. ஏன் மறுத்தார் என்ற சிந்தனை அவ்வின்பத்திலே கரைந்துபோகின்றது. இதற்கு எதிர்முகமாகத் தெர்சியேரோவின் ஜோ தான் ஆடவரை விரும்பும் இயல்பினள் அல்லள் என்பதை உணர்ந்து குடும்பத்தார்க்கு எடுத்துரைக்கின்றாள். செல்வரை மணப்பதே வழியென எண்ணியிருந்த மெக், சட்டக் கல்வியை நாடுகின்றாள். இம்மாற்றங்களை ஏற்பதும் ஏலாததும் வாசகர் விருப்பம். ஆனால், 'பெண் வாழ்வின் முடிவு மணமேயோ?' என அம்மையார் உள்ளத்துள் எழுந்த வினாவை இவை வெளிப்படக் கேட்கின்றன என்பதை மறுத்தல் இயலாது.

அடுத்தது பெத்தின் மரணம். இதன் பின்னணியிலே உண்மைத் துயரொன்று உண்டு. தாயார் உதவி புரிந்து வந்த ஏழைக் குடும்பமொன்றிலிருந்து 1856 இல் எலிசபெத்துக்குச் செங்காய்ச்சல் தொற்றியது. அது அப்போதைக்குத் தணிந்தபோதிலும் அவர் உடல் தேறவில்லை. 1858 மார்ச்சு 14 ஆம் நாள், 22 வயதில் இறந்தார். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. புதுநூல்களிலோ நோய் வேறாகின்றது. சித்திரக்கதையின் பெத்துக்கு இரத்தப் புற்றுநோய். ஹெனா கானின் பிஸ்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். இருவரும் சிகிச்சை பெற்று நம்பிக்கையோடு நிற்கும் நிலையிற் கதைகள் முடிகின்றன. வாசகரின் கண்ணீரைத் துடைக்கச் செய்த எளிய சலுகை இது எனச் சிலர் குறை கூறலாம். அது முற்றும் பொருந்தாது. மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவருட் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர். 1858 இன் உண்மை சாவு. 2019 இன் உண்மை நீண்ட சிகிச்சையும் காத்திருப்பும். காலத்தை மாற்றிய ஆசிரியர் காலத்தின் உண்மையையும் மாற்றியே ஆகவேண்டும். ஆயினும் ஓரிழப்பும் உண்டு. தங்கையின் மறைவே ஜோவை உள்ளத்தில் உள்ளதை எழுதும் எழுத்தாளராக்கிற்று என்பது முதனூலின் ஆழ்ந்த செய்தி. 'கிரேற் ஓ நதிங்' இச்செய்தியைக் கைவிடவில்லை. இறந்த பெத்தின் குரல் அந்நூலிலே கவிதையாக இடையிடையே ஒலிக்க, உயிரோடிருக்கும் மூவரும் துயரினாலே பிரிந்து, அதே துயரினாலே ஒன்றுகூடுகின்றனர். வாழ்நாளில் வாய்திறந்து பேசாத பெத்துக்கு அவ்வாசிரியர் கொடுத்த சொல், முதனூல் அவளுக்குக் கொடுக்க மறந்தது.

இவையெல்லாவற்றிலும் ஆழமான வினாவை எழுப்புவது பெதனி மொரோ 2021 இல் வெளியிட்ட 'சோ மெனி பிகினிங்ஸ்' என்பது எமது துணிபு. இது காலத்தை மாற்றவில்லை. அதே உள்நாட்டுப் போர். 1863 ஆம் ஆண்டு. இடமே வேறு. வட கரோலினா மாநிலத்து ரோஅனோக் தீவை 1862 இல் வடபுலப் படை கைப்பற்றியதும், அடிமைத்தளையை நீத்த கறுப்பின மக்கள் அங்கு புகலிடம் தேடினர். அடுத்த ஆண்டு அரசின் ஆதரவில் அது விடுதலை பெற்றோர் குடியிருப்பாக அமைந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர், வீடு கட்டினர், பள்ளிகளில் எழுத்தறிந்தனர். போர் முடிந்த பின்னர் நிலங்கள் பழைய உடைமையாளரிடமே திருப்பிக் கொடுக்கப்பட, 1867 அளவிலே குடியிருப்புக் கலைந்தது. மொரோ காட்டும் மார்ச் குடும்பம் இக்குடியிருப்பிலே வாழும் கறுப்பினக் குடும்பம். மெக் கற்பிக்கின்றாள், ஜோ தன் மக்களின் வாழ்வை எழுதுகின்றாள்.

இம்மாற்றத்தின் கூர்மையை உணர்தற்கு முதனூலை மீண்டும் நோக்குதல் வேண்டும். அல்கொட் குடும்பத்தார் அடிமை முறையை வன்மையாக எதிர்த்தவர். கறுப்பினச் சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டமையால் புரொன்சன் தம் பாடசாலையில் எஞ்சியிருந்த மாணாக்கரையும் இழந்தார். தப்பி வந்த அடிமை ஒருவர்க்கு 1847 இல் அவர் வீடு அடைக்கலந் தந்தது. அப்படியிருந்தும், உள்நாட்டுப் போரின்போது நிகழும் 'சிறு மங்கையர்' நூலிலே அடிமைத்தனத்தைப் பற்றிய பேச்சு மிக அரிது. தந்தை படையிலே சமயகுருவாகப் பணி புரிகின்றார். மகளிர் சாலுறை பின்னுகின்றனர். யாருடைய விடுதலைக்காக அப்போர் நிகழ்ந்தது என்பது கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றது. மொரோ அதனைக் கதைக்குள்ளே கொணர்கின்றார். அவருடைய நால்வரும் வறுமையை மட்டுமன்றி, தமக்காகப் போரிடுவதாகக் கூறும் வெள்ளையரின் மேட்டிமையையும் எதிர்கொள்கின்றனர். முதனூலின் அன்பையும் வீட்டு வெம்மையையும் அவர் இகழவில்லை. அவை அந்தத் தீவிலும் இருந்தன என்றே நிறுவுகின்றார். ஒரு நூலின்மீது கொள்ளும் பற்று, அந்நூலின் மௌனத்தைச் சுட்டிக்காட்டுதற்குத் தடையன்று என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இவையெல்லாம் வணிக முயற்சிகளே என்பாரும் உளர். புகழ்பெற்ற பெயரொன்றைத் தலைப்பிற் பொறித்தால் நூல் எளிதில் விலைபோகும். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால் எவரும் எடுத்தாளலாம். இவ்விரண்டும் உண்மையே. ஆயின், வணிக நோக்கு நூலின் மதிப்பைத் தானாகவே அழிப்பதில்லை. 'சிறு மங்கையர்' நூலே ஒரு பதிப்பாளரின் வணிகக் கணக்கில் முளைத்து, ஓர் எழுத்தாளரின் கடன் சுமையில் வளர்ந்தது என்பதை மேலே கண்டோம். அம்மையார் அதற்கு முன்னரும் பணத்துக்காகப் பரபரப்புக் கதைகள் பல எழுதினார். அவற்றுட் சிலவற்றை ஏ. எம். பாணார்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1943 இலேயே அப்பெயருக்குரியவர் அவர்தாம் என லியோனா ரொஸ்ரன்பேர்க் என்ற ஆராய்ச்சியாளர் உலகுக்கு அறிவித்தார். ஜோ அத்தகைய கதைகளை நாணி அடுப்பிலிட்டாள். அம்மையாரோ எழுதிக் குடும்பத்தைக் காத்தார். அந்தக் கதைகளை இன்று படிப்போர், அடக்கமான 'சிறு மங்கையர்' நூலின் அடியிலே கனன்ற சினத்தைக் கண்டுகொள்கின்றனர். எனவே, எந்நோக்கத்தால் எழுதப்பட்டது என்பதை விட்டு, எதைக் காணச் செய்கின்றது என்பதைக் கொண்டே ஒரு நூலை மதித்தல் நேரிது.

தந்தையார் 1888 மார்ச்சு 4 ஆம் நாள் மறைந்தார். இருநாள் கழித்து, 55 வயதில் அல்கொட் அம்மையாரும் மறைந்தார். மணமாகாத எழுத்தாளராக ஒரு பெண் வாழ்ந்து, தன் குடும்பத்தையும், 1879 இல் இறந்த தங்கை மே விட்டுச் சென்ற குழந்தையையும் பேணலாம் என்பதை அவர் தம் வாழ்விலே காட்டினார். தம் நூலிற் காட்ட அவரை உலகம் விடவில்லை. அவ்வாறு எழுதாது விடப்பட்ட பக்கங்களையே பின்வந்தோர் தத்தம் காலத்து மையினால் எழுதி வருகின்றனர். அவற்றுட் சில மங்கும், சில நிற்கும்.

இவற்றைப் படிக்க விழையும் மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். முதனூலை முதலிற் படியுங்கள். சுருக்கப் பதிப்பை விடுத்து இரு பாகங்களையும் முழுமையாகப் படியுங்கள். பெண்பிள்ளைகளின் கதை தானே என ஆண்மக்கள் ஒதுக்குதல் வேண்டா. வறுமையிலே மானத்தோடு வாழ்தலும், சினத்தை வெல்லுதலும், உடன்பிறந்தாரை இழத்தலும் இருபாலார்க்கும் பொதுவே. அதன் பின்னர் வழிநூல் ஒன்றையேனும் எடுத்து, எதை ஆசிரியர் வைத்தார், எதை மாற்றினார், மாற்றியது ஏன் என மூன்று வினாக்களைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு படியுங்கள். விடைகள் கிடைக்குந்தோறும், முதனூலில் முன்னர்க் கண்ணுக்குப் புலப்படாத இடங்கள் பல புலப்படுவதைக் காண்பீர்கள்.